சலசலக்காத பை

"டோக்கன் எண் முப்பத்தேழு, அறை எண் ஐந்துக்குச் செல்லவும்" என்று கூரையில் இருந்த ஸ்பீக்கர் சொன்னது. குரலக்கா தன் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். முப்பத்தேழுதான். ஆனாலும் உடனே எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் கூப்பிட்டதும் அவள்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, ஒன்றிலிருந்து முந்நூறு வரைக்கும் எண்களைப் படித்துக் கொடுத்திருந்தாள். அன்றைக்கு ஜலதோஷம் வேறு. முப்பதுகளில் எல்லாம் மூக்கு லேசாக அடைத்திருப்பது மற்றவர்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். தன்னைத் தானே கூப்பிட்டு, தானே எழுந்து போகிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டே ஐந்தாம் அறைக்கு நடந்தாள்.

குரலக்கா என்பது ஸ்டூடியோவில் விழுந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வீட்டில் ஆள் இல்லாததால் இதுவே நிலைத்துவிட்டது. லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்று சொல்வதும், வங்கிக்குப் போன் போட்டால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று கழுத்தறுப்பதும் அவள்தான். அதெல்லாம் சில்லறை வேலை. முக்கியமான வேலை புத்தகம் படிப்பது. தடித்தடி நாவல்களை மைக் முன்னால் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிப்பாள். கண் தெரியாதவர்கள் கேட்பார்கள், சமைத்துக்கொண்டே கதை கேட்கிறவர்கள் கேட்பார்கள், தூக்கம் பிடிக்காதவர்கள் கேட்பார்கள். ஐம்பத்தொரு வயதில் அவளுக்கென்று சேர்ந்திருந்த சொந்தபந்தம், முகம் தெரியாத அந்தக் காதுகள்தான்.

ஆறு வாரத்துக்கு முன்னால் அவளுடைய பெருங்குடலில் இருந்த கட்டியைக் குடலோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். வாயின் உட்புறம் மாதிரி சிவப்பாக, ஈரமாக, ஒரு பெரிய பொத்தான் அளவுக்கு இருந்தது. வலிக்காது. அடக்கவும் முடியாது. வருகிறபோது வரும், மேலே ஒட்டியிருக்கும் பை வாங்கிக்கொள்ளும். இனி ஆயுசுக்கும் இப்படித்தான். ஒரு வாயைப் பழக்கியே பிழைப்பு நடத்தியவளுக்கு, சொன்ன பேச்சுக் கேட்காத இன்னொரு வாயைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஐந்தாம் அறையில் இருந்த நர்ஸை எல்லோரும் பை டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பையை எப்படி ஒட்டுவது, எப்படிக் காலி செய்வது, எப்படிப் பிரிப்பது என்று நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. பாடம் எடுக்கிற தோரணையும் இருந்தது, தப்புச் செய்தால் அதட்டுகிற உரிமையும் இருந்தது. மேஜை மேல் ஐந்து பைகளை வரிசையாகப் பரப்பினாள்.

"இன்னும் ஆஸ்பத்திரியில குடுத்த பையையே போட்டுட்டு இருக்கீங்க. அது ஆபரேஷன் முடிஞ்ச புதுசுக்கு. எங்களுக்கு உள்ள தெரியணும்னு கண்ணாடி மாதிரி இருக்கும். இனிமே உங்களுக்குப் பிடிச்சதா எடுத்துக்கலாம்."

"பிடிச்சதா?"

"பிடிக்காததுல கொஞ்சம் பிடிச்சது" என்றாள் டீச்சர், சிரிக்காமல். "இது நீங்க போட்டிருக்கற மாதிரியே கண்ணாடி, ஒரே பீஸ். தோல்ல ஒட்டுற தட்டும் பையும் சேர்ந்தே இருக்கும். இது ரெண்டு பீஸ். தட்டு அப்படியே இருக்கும், பையை மட்டும் கழட்டி மாட்டலாம். இது தோல் நிறம், உள்ள இருக்கறது தெரியாது. இது ரெண்டு பக்கமும் துணி. மேல பாருங்க, குட்டியா ஃபில்டர். காத்து வெளிய போகும், வாடை போகாது. இந்தச் சின்னது கல்யாணம் காட்சின்னு நாலு பேர் இருக்கற இடத்துக்குப் போட்டுட்டுப் போக."

குரலக்கா ஒவ்வொரு பையாக எடுத்தாள். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரல்களால் மெல்லக் கசக்கினாள். முதல் பை பிளாஸ்டிக் கவர் மாதிரி சலசலவென்று கத்தியது. அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைக் காதில் வைத்தாள்.

"இருபது வருஷமா இந்த வேலை பார்க்கறேன். தடவிப் பார்ப்பாங்க. இழுத்துப் பார்ப்பாங்க. மோந்து பார்க்கறவங்களும் உண்டு. காதுல வச்சுக் கேக்கற ஆளு நீங்கதான் முதல்ல. என்ன வேலை பண்றீங்க?"

"உட்கார்ந்த வேலைதான்" என்றாள் குரலக்கா.

அது பொய் இல்லை. ஆனால் முழுசாகச் சொல்ல மனம் வரவில்லை. வெளியே ஸ்பீக்கர் முப்பத்தெட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அத்தனை சுத்தமாகப் பேசுகிற அந்தப் பெண்ணும், சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இங்கே நிற்கிற பெண்ணும் ஒன்றுதான் என்று இன்னொருவருக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தது.

"ஒவ்வொண்ணா ஒட்டிப் பார்த்துட்டு நிதானமா முடிவு பண்ணுங்க. ஒரு தட்டு மூணு நாலு நாள் இருக்கட்டும். தினம் பிச்சுப் பிச்சு ஒட்டினா தோல் போயிடும்" என்று சொல்லி, ஐந்தையும் ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தாள் டீச்சர்.

நிதானத்துக்கெல்லாம் குரலக்காவிடம் நேரம் இல்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை ஸ்டூடியோவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். ஒரு கப்பல் சமையல்காரனைப் பற்றிய நாவல், நாற்பது அத்தியாயம். இருபத்துமூன்றைப் படித்து முடித்திருந்தபோதுதான் வயிறு மடக்கிப் போட்டது. பதிப்பகத்தார் நல்லவர்கள்தான், காத்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது. இந்தத் திங்கட்கிழமை தொடங்க முடியாவிட்டால் வேறு குரலை வைத்து முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி எடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அப்படி ஒருமுறை வேறு குரல் வந்துவிட்டால் அப்புறம் அவளை யார் கூப்பிடப் போகிறார்கள்? ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார முடியுமா, முடியாதா என்பதில்தான் அவள் பிழைப்பு இருந்தது. பிழைப்புக்கூடப் பெரிதில்லை. அவள் பேசுவதை உலகத்தில் யாராவது கேட்கிற ஒரே இடம் அதுதான்.

வீட்டில் அந்த வசதி கிடையாது. ஆபரேஷன் முடிந்ததும் தங்கை பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போனாள். ஆக்கிப் போட்டாள், துவைத்துப் போட்டாள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் குரலக்கா பாத்ரூமிலிருந்து வெளியே வரும்போதெல்லாம், கூடத்தில் ரோஜா வாசனை ஸ்ப்ரே ஒன்றை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அடித்துவிடுவாள். முகம் சுளிக்க மாட்டாள். அடித்துவிட்டு, "டீ போடவாக்கா?" என்று கேட்பாள். பத்து நாளில் அந்த டப்பா தீர்ந்துபோனது. ஊருக்குக் கிளம்புகிற அன்று கடைக்குப் போய்ப் புதிதாக இன்னொன்று வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் குரலக்கா இவ்வளவு நொந்துபோயிருக்க மாட்டாள். அந்த இரண்டாவது டப்பாவின் மூடியை அவள் இன்னும் திறக்கவில்லை.

தங்கை போன பிறகு வாசல் மணி அடித்தது இரண்டே தடவை. ஒன்று தண்ணீர் கேன்காரர். இன்னொன்று பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சல். பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் எல்லாம், "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்கள். அவள் எடுக்காத ரெஸ்டா? சுவரைப் பார்த்து ரெஸ்ட் எடுத்தாள், மின்விசிறியைப் பார்த்து ரெஸ்ட் எடுத்தாள். வாயைத் திறந்து பேசாமல் மூன்று நாள் போன பிறகு, தொண்டை இருக்கிறதா என்று பார்க்க வங்கிக்குப் போன் போட்டுத் தன் குரலையே கேட்டாள். தயவுசெய்து காத்திருக்கவும் என்றது.

சனிக்கிழமை பைகளைச் சோதித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டாள். ஆனால் வீட்டில் எதைக் கேட்பது? ஃப்ரிஜ் முனகியது. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டு கீங் கீங் என்று கத்தியது. இத்தனை சத்தத்துக்கு நடுவில் எல்லாப் பையும் நல்ல பைதான். சட்டை உரசுவதுகூடக் காதில் விழுகிற ஒரே இடம் ஸ்டூடியோ. ஸ்டூடியோவில் இருக்கும் காதுக்காரருக்குப் போன் போட்டு, தொண்டையைப் பழக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார வேண்டும் என்று கேட்டாள்.

"சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும். சிவப்புப் பொத்தானை அமுக்கினா ரெக்கார்ட் ஆகும். மறுபடி அமுக்கினா நிக்கும். பச்சையை அமுக்கினா பதிஞ்சது கேக்கும். வேற எதையும் தொடாதீங்க" என்றார் அவர். அவருக்கு அதுவே நீளமான பேச்சு.

காதுக்காரர்தான் ஸ்டூடியோவின் ஒலிப்பதிவாளர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள், பதினாறு வருடமாக அப்படித்தான். பார்ப்பதற்கு எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி இருப்பார். நாலு சுவருக்கு அப்பால் குழாய் சொட்டினால் எழுந்து போய் மூடிவிட்டு வருவார். ஒவ்வொரு புத்தகமும் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரையும் வெளியே துரத்திவிட்டு, காலி அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்வார். ரூம் டோன் என்பார்கள். படிக்கிறவர் இருமினால் அந்த இருமலை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் இதை வைத்து அடைப்பார். ஒன்றுமே இல்லாமல் விட்டால் காதில் குழி விழுமாம். காலி அறைக்கும் ஒரு சத்தம் இருக்கிறது என்று அவர்தான் அவளுக்குச் சொன்னார். தங்கை போன பிறகு வீட்டில் தனியாக இருந்த வாரங்களில் அவளுக்கே அது நன்றாகப் புரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூடியோவில் ஈ காக்கை இல்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, கதவைச் சாத்தி, மைக் முன்னால் உட்கார்ந்தாள். ஒட்டியிருந்த பையைப் பிரிக்கவில்லை, அது சலசலக்காமல் இருக்க மேலே ஒரு மெல்லிய துண்டைச் சுற்றிக்கொண்டாள். டீச்சரின் பேச்சு நினைவிருந்தது. ஒவ்வொரு மாதிரிப் பையிலும் கொஞ்சம் தண்ணீரும் காற்றும் அடைத்து, இடுப்பின் இடப்பக்கம் துணிக்குள் செருகிக்கொண்டாள். முன்னால் குனிந்தாள், பக்கம் புரட்டினாள், பெருமூச்சு விட்டாள்.

"ஒன்று. கண்ணாடி மாதிரி இருப்பது" என்று மைக்கில் சொன்னாள். குரல் பழக்கத்தில் தானாகவே நிமிர்ந்துகொண்டது. "இரண்டு. தோல் நிறம், ஒரே பீஸ். மூன்று. தட்டு தனி, பை தனி. நான்கு. இரண்டு பக்கமும் துணி. ஐந்து. கல்யாணம் காட்சி."

பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்று, சிப்ஸ் பாக்கெட். இரண்டு பரவாயில்லை, ஓரம் மட்டும் சலசலத்தது. மூன்று, அசையும்போதெல்லாம் டக்கென்றது. நான்கு பேசவே இல்லை. அவள் மனம் லேசானது, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். ஐந்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், பைக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு சத்தம் ஹெட்போனில் வந்தது. குளுகுளு என்று ஆரம்பித்து, பர்ர் என்று நீண்டு, ஒரு முனகலில் முடிந்தது. ஸ்டோமாவின் சத்தம். பைகளையே கவனித்துக்கொண்டிருந்ததில், அது தன் பாட்டுக்குப் பேசியது அவளுக்குத் தெரியவே இல்லை. வீட்டில் ஃப்ரிஜ்ஜும் லாரியும் அதை மறைத்திருந்தன.

திரும்பி மைக் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இந்தச் சத்தத்துக்கு ஆறாம் நம்பர் பை கிடையாது. அழுகை வந்தது. அழுவதைப் பார்க்க ஆள் இல்லாததால் அதுவும் அரைகுறையாக நின்றுபோனது. அப்போதுதான் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் யோசனையில்லாமல் பொத்தானை மறுபடி அமுக்கியிருக்கிறாள். நிறுத்த வேண்டும் என்று எழுந்தவள், என்ன தோன்றியதோ, மறுபடி உட்கார்ந்தாள்.

"வாரக்கணக்கா நான் யார்கூடவும் பத்து நிமிஷத்துக்கு மேல பேசல" என்று மைக்கிடம் சொன்னாள். "தங்கச்சி ஸ்ப்ரே வாங்கி வச்சுட்டுப் போயிருக்கா. அவ மேல தப்பு இல்ல. எனக்கே என்னைப் பிடிக்கல. இங்க வந்தாத்தான் ஆளா இருக்கேன். அதையும் இது கெடுத்துடும் போலிருக்கு."

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு, திரையில் தெரிந்த ஜன்னலை மூடினாள். மூடினால் அழிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். பதினாறு வருடம் மைக் முன்னால் உட்கார்ந்தவள்தான், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவர் சொன்ன இரண்டு பொத்தானைத் தவிர, எதற்கு என்ன வேலை என்று அவளுக்குத் துளியும் தெரியாது.

திங்கட்கிழமை நாலாம் நம்பரை ஒட்டிக்கொண்டு கிளம்பினாள். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது என்று கணக்குப் போட்டு, முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு சின்னத் தலையணையும் எடுத்துக்கொண்டாள். படிக்கிறபோது வயிறு இரைந்தால் தலையணையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். சத்தம் பஞ்சுக்குள் அமுங்கிவிடும். பதினாறு வருடமாக அவளைக் காப்பாற்றிய தந்திரம் அது.

"இருபத்துநான்காம் அத்தியாயம்" என்று தொடங்கினாள். கப்பல் புயலில் மாட்டிக்கொண்டிருந்தது. சமையல்காரன் அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பாராவில் வயிற்றுக்குள் குளுகுளு என்றது.

ஹெட்போனில் காதுக்காரர் குரல் வந்தது. "ஒரு பிளேன் போச்சு. அந்த வரியை மட்டும் மறுபடி."

அவள் மறுபடி படித்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பிளேன் போனது. அப்புறம் லிஃப்ட் ஓடியது. அப்புறம் யாரோ கதவைச் சாத்தினார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவள் தலையணையை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். நாற்பதாவது நிமிடத்தில் தோலுக்கும் தட்டுக்கும் நடுவில் ஏதோ சூடாக ஊர்ந்தது. அது என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"தலைவலிக்குது. இன்னைக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், தலையணையால் வயிற்றை மறைத்துக்கொண்டு எழுந்து போனாள். ஸ்டூடியோவின் கழிவறை ஒரு ஆள் திரும்ப முடியாத அளவு. அதற்குள் நின்றுகொண்டு, கதவில் மாட்டிய கைப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, பிரித்து, ஒட்டி, மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. தலையணையை ஒரு கவரில் போட்டுக் கட்டி, வழியில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள், பக்கத்தில் யாரும் உட்காராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். யாரும் உட்காரவில்லை. அதற்காகவும் மனம் கலங்கினாள்.

மறுநாள் பை டீச்சர் அவளைப் படுக்கவைத்துப் பார்த்தாள். தட்டு ஒட்டியிருந்த இடத்தில் தோல் சிவந்து கன்றியிருந்தது.

"பை நல்ல பைதானே? எப்படி ஒழுகுச்சு? என்ன பண்ணீங்க?"

குரலக்கா தலையணையைப் பற்றிச் சொன்னாள். பட்டினியைப் பற்றியும் சொன்னாள். டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பையை மேல இருந்து அமுக்கினா உள்ள இருக்கறது எங்க போகும்? ஓரத்தைப் பிச்சுட்டுத்தான் வரும். அப்புறம் யாரு உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னது? வெறும் வயித்துலதான் காத்து அதிகம், சத்தமும் அதிகம். நேரத்துக்குச் சாப்பிடுங்க, நல்லா மென்னு சாப்பிடுங்க, தண்ணி குடிங்க. குடிக்கலைன்னா மயங்கி விழுந்துடுவீங்க. உட்கார்ந்த வேலைக்கு எதுக்குத் தலையணை?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. "வெளிய டோக்கன் கூப்பிடறது நான்தான்" என்றாள்.

டீச்சர் பவுடர் தூவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த நேரத்தில் ஸ்பீக்கர் டோக்கன் எண் நூற்றிரண்டு என்றது.

"ஏழு வருஷமா தினம் உங்க குரலைக் கேட்டுட்டு இருக்கேன். ஒரு நாள்கூட அலுப்பா பேச மாட்டேங்கறாங்களேன்னு எரிச்சலா வரும்" என்றாள் டீச்சர். பிறகு குரலைத் தணித்தாள். "இங்க பாருங்க. நாலாம் நம்பரே போடுங்க, தட்டைச் சுத்தி இந்த வளையத்தை வச்சு ஒட்டுங்க, ஒழுகாது. வாடைக்கு ஃபில்டர் இருக்கு. கண்ணுக்குத் தெரியாம இருக்கத் துணி இருக்கு. சத்தத்துக்கு மட்டும் என்கிட்ட ஒண்ணும் இல்ல. இருந்தா தந்திருக்க மாட்டேனா?"

அதுவரைக்கும் ஏதோ ஒரு பை, ஏதோ ஒரு மருந்து இருக்கும் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டுதான் இருந்தாள். அது இல்லை என்று ஆனதும் முடிவெடுப்பது சுலபமாகிவிட்டது. கப்பல் சமையல்காரனை வேறு யாராவது கரை சேர்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை நாவலின் தாள்கட்டைத் திருப்பிக் கொடுக்க ஸ்டூடியோவுக்குப் போனாள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பதினாறு வருடத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? கொடுத்துவிட்டு, "உடம்பு முடியல, வேற ஆளைப் பாருங்க" என்று இரண்டே வாக்கியம் சொல்வதாக ஏற்பாடு. பஸ்ஸில் அதை நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

காதுக்காரர் தன் அறையில் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தாள்கட்டை மேஜையில் வைத்தாள். வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை ஃபைலைக் கேட்டேன்."

"அது... அதை மூடிட்டேனே" என்றாள்.

"மூடினீங்க. அழிக்கல." அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலாம் நம்பர்தான் சரி. ரெண்டும் பரவாயில்ல, ஆனா ஓரம் சலசலக்குது. மூணு வேண்டவே வேண்டாம்."

ஒரு மைக்கைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார். அவளுக்கு ஓடிவிடலாம் போலவும் இருந்தது, அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலவும் இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஸ்ப்ரே டப்பாவையும் கேட்டிருக்கிறார். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பையில சத்தம் இல்ல. எனக்குள்ளதான் இருக்கு. அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதாம்" என்றாள் மெதுவாக.

"தெரியும். திங்கட்கிழமை எண்ணினேன். பக்கத்துக்கு மூணு, நாலு. வெட்டி எடுத்துடலாம். ராத்திரி பகல்னு உட்கார வேண்டியதில்ல, அத்தியாயத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலா ஆகும். எனக்கு வேற என்ன வேலை?"

"இல்லாத பிளேனை எல்லாம் விட்டீங்களே."

"உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு பார்த்தேன். அது தப்பு. இனிமே விட மாட்டேன்." திரையில் ஒரு இடத்தைத் தேடி நிறுத்தினார். "வெட்டறது பிரச்சனை இல்ல. அடைக்கறதுதான் பிரச்சனை. இதைக் கேளுங்க."

ஹெட்போனைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் போட்டுக்கொண்டாள். அவள் குரல், புயலின் வரி ஒன்று. வரி முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் அடுத்த வரி. வயிற்றுச் சத்தம் போன இடமே தெரியவில்லை. ஆனால் அந்த இடைவெளியில் என்னவோ சரியில்லை.

"புரியுதா? அது புஸ்தகம் தொடங்கும்போது எடுத்த காலி ரூம். முன்னெல்லாம் அங்கங்க ஒரு இருமல்தான், தெரியல. இப்ப பக்கத்துக்கு நாலு இடம். நீங்க இல்லாத ரூமை நடுநடுவுல வச்சா, நீங்க எந்திரிச்சுப் போயிட்ட மாதிரி இருக்கு. போயிட்டு வர்ற மாதிரி, போயிட்டு வர்ற மாதிரி. கேக்கறவங்களுக்குக் காரணம் தெரியாது, ஆனா மனசு ஒட்டாது." அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அதனால புதுசா ரூம் டோன் எடுக்கணும். உள்ள போய் உட்காருங்க."

"ஆளில்லாமத்தானே எடுப்பீங்க?"

"இந்தப் புஸ்தகத்துக்கு நீங்க உள்ள இருக்கணும்."

"சத்தம் வருமே."

"வரட்டும். வர்ற இடத்தை விட்டுட்டு மிச்சத்தை எடுத்துக்கறேன். மூச்சு விடுங்க, அது போதும். படிக்க வேண்டாம்."

அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அணைத்துக்கொள்ளத் தலையணை இல்லை. கடைசியில் மடியில் வைத்துக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதுக்காரர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, அவள் சும்மா இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வாரமாக இதே மாதிரிதான் ஒரு காலி வீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைக் கேட்கவும் ஒருவர் இருப்பார் என்று அவள் நினைத்ததில்லை.

பாதியில் வயிறு குளுகுளு என்றது. அவள் பதறிப்போய் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. சத்தம் ஓயும் வரைக்கும் ஒரு விரலை உயர்த்திப் பிடித்தார், ஓய்ந்ததும் இறக்கினார். அவள் மூச்சு சீரானது. ஒரு நிமிடம் என்று சொல்லியிருந்தார், மூன்று நிமிடம் எடுத்தார்.

விளக்கு அணைந்ததும் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரையில் பழைய பதிவு ஒன்று இருந்தது. "அறை, காலி" என்று அதற்குப் பெயர். அதற்குக் கீழே புதிதாக ஒன்று பெயரில்லாமல் இருந்தது. காதுக்காரர் இரண்டு விரல்களால் தேடித் தேடித் தட்டினார்.

"அறை, ஆள் உண்டு."

குரலக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மேஜையில் வைத்திருந்த தாள்கட்டை எடுத்துக்கொண்டு, இருபத்துநான்காம் அத்தியாயத்தைத் தேடிப் புரட்டியபடி, மறுபடி உள்ளே போனாள்.